முன்பாரத்துக்கு ஆள்

எனக்கு முன்னால் டிராக்டரின் ரேடியேட்டர். அதன் சூடு வயிற்றில் அடிக்கிறது. பின்னால் ஒன்றுமில்லை, வெறும் சேறு. முன்பக்க இரும்புப் பட்டையில் கால் விரல்களை ஊன்றிக்கொண்டு, பானெட்டில் கை கிடைத்த இடத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பக்கம் ராஜா. இன்னொரு பக்கம் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர். பானெட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால், செல்வம் அண்ணனின் முகம்.

“விடப் போறேன்டா. புடிச்சுக்குங்க.”

கிளச்சை விட்டார். எஞ்சின் உறுமியது. பின்னால் இரண்டு கேஜ் வீலும் தண்ணீரை வாரி வாரி இறைத்தன. சேற்று உழவுக்காக மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்துக்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர். வண்டி முன்னால் போகவில்லை. அதன் மூக்கு மேலே எழும்பியது.

ஒரு சாண் உயரம் இருக்கலாம். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. மேலே நிற்பவனுக்கு அப்படி இல்லை. கீழே குதிக்கலாம் என்றால் வண்டி என் மேலேயே இறங்கும். பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்றால் எதுவரை என்று தெரியாது.

நான் சிரித்தேன். ராஜா சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். “ஏ… ஏ… ஏறுது, ஏறுது” என்று யாரோ கூவினார்கள்.

மூக்கு தொப்பென்று இறங்கியது. சக்கரம் எங்கோ பிடி கிடைத்து, வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு சேற்றிலிருந்து வெளியே வந்தது. கரையில் டீயும் மசால் வடையும் வந்திருந்தன. எல்லோரும் தின்றோம். என் வாயில் வைத்த வடை வெகுநேரம் வாயிலேயே இருந்தது.

எடைக்கு ஒரு ஆள்

செல்வம் அண்ணன் என் பெரியப்பா மகன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் தாத்தாக்கள் மற்றவர் வயலில் மாடு ஓட்டியவர்கள். அப்பாவும் பெரியப்பாவும் குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த டிராக்டரில் உட்கார்ந்தவர் செல்வம் அண்ணன்தான். வெட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். “அண்ணே, நம்ம வயலு எப்பண்ணே?” என்று வயல்காரர்கள் நடையாய் நடப்பார்கள்.

எங்கள் பக்கத்து வயல்களில் சில இடங்களில் உளை உண்டு. மேலே பார்த்தால் மற்ற சேறு போலத்தான் இருக்கும். கால் வைத்தால் தொடை வரை உள்ளே போகும். அதில் டிராக்டரின் பின்சக்கரம் மாட்டிக்கொண்டால் வண்டி நகராமல் முன்பக்கத்தைத் தூக்கும். அப்படித் தூக்காமல் இருக்க முன்னால் நாலு ஆள் ஏறி நிற்பது வழக்கம். மாட்டுவண்டிக் காலத்துச் சொல்லையே அதற்கும் வைத்துக்கொண்டோம், முன்பாரம்.

அப்போது நான் கல்லூரி இரண்டாம் வருடம். கிரிக்கெட்டில் என்னைப் பந்து பொறுக்கப் போடுவார்கள். கபடியில் அதுவும் இல்லை. உடம்பு அவ்வளவு ஒல்லி. ஒருநாள் வயலோரமாகப் போய்க்கொண்டிருந்தவனை செல்வம் அண்ணன் கூப்பிட்டார்.

“பிரபு, நீயும் ஏறுடா.”

எதற்கு ஏறச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அரிசி மூட்டை இருந்திருந்தால் அதை ஏற்றியிருப்பார். ஆனாலும் அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது. வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவாமல் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஊரில் ஒரு ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். மேலே ஏறினால் எப்படி இருக்கும் என்பதை ஏறிய பிறகுதானே கண்டேன். அதற்குள் இறங்குகிற வழி அடைபட்டுவிட்டது.

அந்தக் குறுவை முழுவதும் செல்வம் அண்ணனின் பெயர் என் செல்ஃபோனில் தெரியும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

பயத்துக்கு வேறு பெயர்கள்

இந்தத் தொடரின் போன அத்தியாயத்தில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டார், ஆண் பிள்ளையாக இருந்துகொண்டு நர்சிங் படிக்க எப்படித் துணிந்தீர்கள் என்று. துணிச்சலைப் பற்றிக் கேட்க என்னைவிட மோசமான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டார். இந்த அத்தியாயமே அவருக்கான பதில்தான்.

எங்கள் ஊரில் யாரும் எங்களை உட்கார வைத்து ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தவில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? டீயை ஆற்றிக் குடித்தால் ஒரு சிரிப்பு. மதகிலிருந்து ஆற்றில் குதிக்கும்போது மூக்கைப் பிடித்தால் ஒரு சிரிப்பு. யூரியா மூட்டையைத் தூக்க இன்னொருவனைக் கைகொடுக்கச் சொன்னால் ஒரு சிரிப்பு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஓட்டுபவனின் தோளைப் பிடித்தால் பெரிய சிரிப்பு. இந்தச் சிரிப்புகளிலேயே நாங்கள் வளர்ந்தோம்.

அதனால் பயம் என்ற சொல்லை எங்கள் செட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தோம். “வீட்ல வேலை கெடக்கு.” “வயிறு ஒரு மாதிரி இருக்கு.” “செருப்பு அறுந்துருச்சுடா.” ஒருமுறை தென்னை மரம் ஏறச் சொன்னபோது ராஜா, “இன்னிக்குத்தான்டா தலைக்கு ஷாம்பு போட்டேன்” என்றான். ராஜா எங்கள் செட்டிலேயே தைரியசாலி. அவனே அப்படிச் சொன்னதும் எங்களுக்கு அவ்வளவு நிம்மதி. மரத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

முன்பாரத்துக்கு மட்டும் எந்தச் சாக்கும் செல்லாது. வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஷாம்பு போட்டேன் என்றால் யார் விடுவார்கள்?

எலும்பு வார்டு

இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறேன். வலி எவ்வளவு என்று நோயாளிகளிடம் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்பது எங்கள் வழக்கம். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து.

தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு வயல்காரர், நாற்பது வயது இருக்கும், என்னிடம் “ரெண்டு” என்றார். நான் எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி என் கையைப் பிடித்துவிட்டார்.

“பொய் சொல்றாரு சார். விடிஞ்சதுலேருந்து போர்வையக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. எழுதாதீங்க.”

“ஏய், சும்மா இருடி. லேசாத்தான் இருக்கு சார்.”

போர்வையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஈரமாக இருந்தது. ஒன்பது என்று எழுதி ஊசி போட்டேன். மருந்து ஏறியதும் அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து ஆண் நோயாளிகளிடம் எண் கேட்பதோடு நிறுத்துவதில்லை, கூட வந்த பெண்களிடமும் கேட்டுவிடுகிறேன்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அந்த ஆள் மேல் இல்லை. அவருக்கு “ரெண்டு” சொல்லக் கற்றுக்கொடுத்த அத்தனை டீக்கடைகள் மேலும் மதகுகள் மேலும் வருகிறது.

பக்கத்து வயல்

என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். நாங்கள் டிராக்டரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அம்மாவும் மற்றப் பெண்களும் பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் அப்படி அமைந்துவிடும்.

பறிக்கிற கையில் தண்ணீர்ப் பாம்பு நெளிந்தால் அந்தப் பெண்கள் போடுகிற சத்தம் ஊருக்கே கேட்கும். “அய்யய்யோ, எனக்குப் பயமா இருக்குடி” என்று ஒருவர் வரப்பில் ஏறிவிடுவார். இன்னொருவர் அவரைக் கேலி பண்ணுவார். மூன்றாவது ஒருவர் குச்சியால் பாம்பை எடுத்து வாய்க்காலில் எறிவார். கொஞ்ச நேரத்தில் வேலை நடக்கும். பயந்தவரும் இறங்கி வந்து பறிப்பார். பயந்தது ஒரு குறையாகவே அங்கு இருக்காது.

நாங்கள் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரிப்போம். “பொம்பளைங்க” என்பான் ராஜா.

ஒருநாள் சோறு போடும்போது அம்மா கேட்டார்.

“அந்த வண்டி மூக்குல தொங்குறீங்களே, பயமா இல்லையாடா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா.”

“எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. நீ என்னமோ ஒண்ணும் இல்லங்கிற.”

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

பள்ளக்கால் வயல்

சம்பாவுக்கு உழவு நடந்த சமயம். இரண்டு மூன்று நாளாக மழை. வாய்க்கால் கடைசியில் கணேசன் மாமாவின் பள்ளக்கால் வயல் ஒன்று உண்டு. அதன் நடுவில் உளை இருப்பது ஊருக்கே தெரியும். செல்வம் அண்ணனுக்கும் தெரியும். எப்படியோ, வண்டி அதில் இறங்கிவிட்டது. பின்பக்கம் அச்சு வரை சேறு.

கணேசன் மாமா நல்ல மனிதர். வரப்பில் நின்றபடி சொன்னார்.

“பக்கத்தூர்ல ஒரு வண்டி நிக்கிதுப்பா. ஃபோன் போட்டா வந்து இழுத்துப் போட்டுரும்.”

“வேணாம் மாமா.”

“எதுக்குய்யா வேணாங்கிற? வேலை சுளுவாயிடும்ல?”

“இன்னொரு வண்டி வந்து எடுத்துச்சுன்னா அப்புறம் இந்த ஊர்ல நான் வண்டி ஓட்ட முடியாது மாமா.”

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு டிரைவரின் வண்டியை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்துவிட்டால் அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு ‘கயிறு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் ‘கயிறு மகன்’ என்றார்கள். உளையில் மாட்டுவது தப்பில்லை. மற்றவன் கையால் வெளியே வருவதுதான் அவமானம்.

செல்வம் அண்ணன் ஒரு தென்னங்கட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அதை இரண்டு கேஜ் வீலுக்கும் குறுக்கே சங்கிலி போட்டுக் கட்டினார். சக்கரம் சுற்றும்போது கட்டை அடியில் போகும், வண்டி அதன் மேல் ஏறி வெளியே வரும் என்பது கணக்கு. கட்டை நகராமல் இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்களில் யாரும் பேசவில்லை. சக்கரம் சுற்ற முடியாதபோது எஞ்சின் வண்டியையே சுற்றும். முன்பக்கம் செங்குத்தாக எழுந்து அப்படியே பின்னால் கவிழும். சீட்டில் இருப்பவர் அடியில் போய்விடுவார். எலும்பு வார்டில் வேலை பார்ப்பதால் இன்று எனக்கு இது தெரியும். அடியில் போனவர்கள் எங்கள் வார்டுக்கு வருவதில்லை என்பதும் தெரியும்.

“ஏறுங்கடா.”

ஏறினோம். நான், ராஜா, அந்த இரண்டு பையன்கள். கை நடுங்கியது. எஞ்சின் நடுக்கத்தில் அது யாருக்கும் தெரியாது என்று தேற்றிக்கொண்டேன். பக்கத்து வயலில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தார்.

கிளச்சை விட்டார்.

முதலில் வழக்கம்போல் ஒரு சாண். பிறகு முழங்கால் உயரம். அங்கே நிற்கும், இதோ இறங்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பட்டையில் ஊன்றிய என் கால் வழுக்க ஆரம்பித்தது. உடம்பு பானெட்டின் மேல் சாய்ந்தது. ராஜாவைப் பார்த்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அப்படி வைத்துப் பழகிவிட்டது, நான் சொல்லாமலே அது சிரித்தது.

செல்வம் அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் வானத்தையும் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை மட்டும் பார்த்தார்.

யோசித்து எதுவும் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அம்மா! அண்ணே, பயமா இருக்குண்ணே! விட்டுருண்ணே! அம்மா!”

கிளச்சை மிதித்துவிட்டார்.

வண்டியின் மூக்கு அத்தனை உயரத்திலிருந்து சேற்றில் விழுந்தது. என் தாடை பானெட்டில் மோதி உதடு கிழிந்தது. ராஜா தூரப் போய் விழுந்தான். எஞ்சின் அணைந்து போயிற்று.

அம்மா நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடியே வரப்பில் ஓடி வந்தார்.

ஹாரன்

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ராஜா சேற்றிலிருந்து எழுந்து, “அம்மா… விட்டுருண்ணே” என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினான். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் செல்வம் அண்ணன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

“நல்லா ஹாரன் அடிச்சடா” என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் எனக்குப் பெயர் வைத்தாயிற்று. ஹாரன். டீக்கடையில் ஹாரன், பஸ்ஸில் ஹாரன். வண்டியை அன்று எப்படி எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார், நானும் போய்விட்டேன்.

முன்பாரத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது பெரிய நிம்மதி. மற்ற எதற்கும் கூப்பிடவில்லை, அதுதான் வலித்தது. டிகிரி முடித்து நர்சிங்கில் சேர்ந்தபோது, “ஹாரனுக்கு ஆஸ்பத்திரிதான் சரி, ஆம்புலன்ஸ்ல வச்சுருவாங்க” என்றான் ராஜா. நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

செல்வம் அண்ணனிடம்தான் எனக்கு அதிக வருத்தம். சொந்த அண்ணன் முறை ஆளே ஊருக்கு முன்னால் கூடச் சேர்ந்து சிரித்தார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. விசேஷங்களில் பார்த்தால் “என்னண்ணே, சௌக்கியமா?” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கட்டுப் பிரிக்க வந்தவர்

இதெல்லாம் நடந்து சில வருடம் கழித்து, பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுப் பிரிக்கிற அன்று செல்வம் அண்ணன் கூட வந்தார். பெரியம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் இருந்த கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம். மத்தியானம், நல்ல வெயில். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“வடக்கால ஊர்ல ஒரு வண்டி கவுந்துருச்சுடா. போன வாரம்.”

“டிரைவரு?”

“அடியில போயிட்டான். நான் போயித்தான் தூக்குனேன்.” டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “கட்டை கட்டியிருக்கான். முன்னால ரெண்டு பயலுவ நின்னுருக்கானுங்க. அவனுங்க குதிச்சுட்டானுங்க. கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னோம்னு சொல்லி அழுவுறானுங்க.”

நான் என் டம்ளரையும் பெஞ்சில் வைத்தேன்.

“உனக்கு ஒண்ணு சொல்லணும்டா. உளையில பின்னால எறங்குனாலும், முன்னால தூக்குனாலும் சீட்டுல இருக்குறவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எது நடக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. நாலு பய எடையில வண்டி நின்னுருமா? நீ என்ன கனம் இருந்த அப்ப? நான் உங்க மூஞ்சியத்தான்டா பாப்பேன். மூஞ்சி மாறுச்சுன்னா கிளச்ச மிதிச்சுருவேன். அதுக்குத்தான் உங்கள ஏத்துனது.”

“நாங்க சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தோம்?”

“அதான். நாலு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னா நான் என்னத்தக் கண்டேன்? சரி, இன்னும் பரவால்லபோலன்னு விட்டுக்கிட்டே இருந்தேன். நீ கத்துன பாரு, அப்பத்தான் நிமிந்து பாத்தேன். வானம் தெரிஞ்சுச்சுடா.”

அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை வருடம் கழித்து, அந்த வெயிலில், அன்றைய பயம் முழுவதும் திரும்ப வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

“இத எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பயமா இருந்தா மூஞ்சில காட்டுங்கடான்னு?”

“எப்புடிடா சொல்றது? எனக்குப் பயமா இருக்கு, நீங்க பயந்து காட்டுங்கன்னா? நாலு பயலும் என்ன நெனைப்பானுங்க?”

“ஹாரன்னு பேரு வைக்க மட்டும் தெரிஞ்சுது.”

“ஆமா, வச்சேன். அன்னிக்கு நான் சிரிக்கலன்னா அழுதுருப்பேன்டா.”

பெரியம்மா கட்டுப் பிரித்த கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். கிளம்பும்போது அண்ணன் என் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

“அந்தப் பள்ளக்காலு இந்த வருசமும் நான்தான் அடிக்கணும். ஒருநாள் லீவு போட்டுட்டு வாயேன். முன்னால வந்து நில்லு. அங்க கத்துறதுக்கு வேற ஆளு இல்ல.”

சேற்றில்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவிடம் சொன்னேன், “பைத்தியமாடா உனக்கு?” என்றார். பிறகு வடக்கு ஊரில் கவிழ்ந்த வண்டி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வார்டில் ஊசி போடும்போதும் வந்தது. லீவு போட்டேன்.

நான் நினைத்தபடியேதான் நடந்தது. உளையில் வண்டி இறங்கி நின்றது. கணேசன் மாமா வரப்பில் நின்று, வேறு வண்டிக்கு ஆள் அனுப்பவா என்று மறுபடியும் கேட்டார். செல்வம் அண்ணன் பதில் சொல்லாமல் தென்னங்கட்டையைக் கட்டினார். பயல்கள் எல்லாம் புது முகங்கள், காலேஜ் படிக்கிற வயது. பழைய ஆள் ராஜா மட்டும்தான். “ஹாரன் வந்தாச்சுடோய்” என்று அவன் கை கொடுத்து என்னைப் பட்டையில் ஏற்றிவிட்டான்.

ரேடியேட்டர் சூடு பழையபடி வயிற்றில் அடித்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் செல்வம் அண்ணனின் முகம். இந்த முறை அவர் மற்றவர்களைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். கிளச்சில் கால் இருந்தது.

எவ்வளவு உயரம் போனபின் கத்துவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு சாணா, முழங்காலா? சரியான நேரத்தில் என் முகம் மறுபடியும் சிரித்துவிட்டால்? அவர் சாவதும் பிழைப்பதும் என் முகத்தில் இருந்தது. அதை நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணே, பயமா இருக்குண்ணே!”

எனக்கே என் சத்தம் அதிகமாக இருந்தது. பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“டேய், நான் இன்னும் கிளச்சே விடலையேடா” என்றார் அண்ணன்.

“இப்பவே பயமா இருக்குண்ணே. ரொம்பப் பயமா இருக்கு. கட்டைய அவுத்துருங்க.”

ராஜா என் தோளில் தட்டி ஏதோ கேலி பேசப் போனான். அதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. செல்வம் அண்ணன் ஸ்டாப் கம்பியை இழுத்திருந்தார்.

“எனக்கும் பயமாத்தான்டா இருக்கு” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். வரப்பில் நின்றவர்களுக்கும் கேட்டது. “மாமா, அந்த வண்டிக்கு ஃபோன் போட்டுருங்க. கயிறு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமா கூடாதா என்று பயல்களுக்குத் தெரியவில்லை. ராஜா முதலில் இறங்கினான்.

அண்ணன் சீட்டிலிருந்து இறங்கி, சேற்றில் தட்டுத் தடுமாறி வரப்பில் ஏறினார். ஏறியதும் நின்றுவிட்டார். அவருடைய இரண்டு முழங்காலும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கணேசன் மாமா பார்த்தார், பயல்கள் பார்த்தார்கள், பக்கத்து வயலில் நடவுக்கு வந்தவர்களும் பார்த்தார்கள். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த கைலியை அவர் இறக்கிவிடவில்லை.